உடம்பு சரியில்லாத கேப்டன்

என் அண்ணன் விமானி. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் வேலை பார்த்த கம்பெனியிலேயே, மதுரை விமான நிலைய கவுண்டரில் எனக்கும் வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். இருட்டோடு எழுந்து பஸ் பிடித்தால்தான் காலை ஹைதராபாத் விமானத்துக்கு நேரத்துக்குப் போய் நிற்க முடியும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அந்த விமானத்தை அவனே ஓட்டிக்கொண்டு வருவான். கிளம்புமுன் எடைக்கணக்குத் தாளை நான் நீட்டுவேன். யாரோ போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மா பேசுனாளாட்டி?" என்பான். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் அம்மா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு அவன் பெயர் போட்டிருந்ததைப் பட்டியலில் பார்த்திருந்தேன். "செவ்வாக்கிழமை வாரேல்ல?" என்று கேட்டேன். "வராம?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை வரிசை வாசல்வரை நின்றது. ஹைதராபாத்திலிருந்து விமானம் கிளம்பவே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: கேப்டனுக்கு உடம்பு சரியில்லை, மாற்று ஆள் இல்லை, விமானம் ரத்து. உடனே அண்ணன் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். அம்மாவுக்கு அடித்தேன்.

"அண்ணனுக்கு என்னம்மா?"

"அவனுக்கென்ன? இங்கதான் இருக்கான். நாயைக் குளிப்பாட்டிட்டு இப்பத்தான் இட்லி சாப்பிட உக்காந்தான். வேற கம்பெனிக்கு மாறுதானாம்ட்டி. உன்கிட்ட சொல்லலையா?"

என் பக்கத்தில் நின்ற மேனேஜரின் போனுக்கு வரிசையாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. அன்று காலையில் எங்கள் கம்பெனியில் இன்னும் பல விமானிகளுக்கும் உடம்பு சரியில்லை. எல்லோரும் ஒரே கம்பெனிக்குத்தான் போகிறார்கள் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

வரிசையில் நாலாவதாக நின்றவர் வன்னியம்பட்டிக்காரர். என் பேச்சை வைத்தே நம்ம பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டார். ஹைதராபாத் போய் அங்கிருந்து துபாய் போக வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும். அன்றோடு ஆறு மாதம் முடிகிறது.

"வேற எதுலயாவது ஏத்திவிடும்மா. நின்னுக்கிட்டுக்கூட வாரேன்" என்றார்.

மற்ற கம்பெனிகளிடம் எல்லாம் கேட்டேன். ஓர் இடம்கூட இல்லை.

"கேப்டனுக்கு அப்படி என்னம்மா செய்யுது?"

"காய்ச்சல்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

"பாவம்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். அண்ணன் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்லாண்ணே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? மேனேஜர்கிட்ட ஓடியிருப்ப." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டான். "வேலைய விடணும்னா ஆறு மாசம் முன்னாடியே நோட்டீஸ் கேக்கான் நம்ம கம்பெனிக்காரன். புதுக் கம்பெனிக்காரன் அம்புட்டு நாள் காத்திருப்பானா? லீவு கேட்டு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன் தெரியுமா? நாளைக்கு இவன் மூடிட்டுப் போறப்ப எனக்கு நோட்டீஸ் கொடுப்பானா?"

அவன் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வன்னியம்பட்டிக்காரரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றான். அம்மா இடையில் வந்து, "புள்ள நல்ல எடத்துக்குப் போறான், கண்ணைக் கசக்காத" என்று என்னைத்தான் அதட்டினாள்.

"ஒனக்கும் அங்க ஏதாவது பாக்குதேன்" என்றான் அவன். பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, டிக்கெட்டில் இருந்த எண்ணை வைத்து வன்னியம்பட்டிக்காரருக்குப் பேசினேன். விசா போய்விட்டது. கிடைத்த கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "நீங்க என்னம்மா செய்வீக. நீங்க ஒருத்தராவது போன் போட்டுக் கேட்டீகளே" என்றார். என் அண்ணன்தான் அந்தக் கேப்டன் என்று சொல்லத்தான் போன் போட்டேன். சொல்லாமலே வைத்துவிட்டேன்.

விமானிகள் இல்லாமல் எங்கள் கம்பெனி ஒவ்வோர் ஊராகச் சேவையை நிறுத்தியது. மதுரையும் நின்றது. நோட்டீஸ் என்று எதுவும் தரவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னார்கள், திங்கட்கிழமை கவுண்டர் பலகையைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கிருஷ்ணன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கிறேன். அம்மா வீட்டுக் கூடத்தில் புதுச் சீருடையில் அண்ணனின் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா அதைக் காட்டுவாள்.

போன தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தான். சாப்பாடு முடிந்து கைகழுவும் இடத்தில் என்னிடம் மெல்லச் சொன்னான்: "வளைகுடாக் கம்பெனி ஒண்ணு கூப்பிடுது. மாறிரலாம்னு இருக்கேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லலை, உன்கிட்டதான் முதல்ல சொல்லுதேன்."

"என்கிட்ட எதுக்குண்ணே? அங்க கவுண்டர்ல நிக்கிற பிள்ளைககிட்ட சொல்லு" என்றேன்.

நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து அவன் சிரித்தான். நான் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.