யாரும் பாடாத ஆல்பம்

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். கிடார் பழகிக்கொண்டிருந்த மாமா ஒரு நாள் ஒரு சிடி வாங்கி வந்தார். கிடார், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் என்று நாலு பெரிய வித்வான்கள் சேர்ந்து வாசித்த ராக் ஆல்பம். ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட வாய் திறந்து பாடமாட்டார்கள் என்றார். அதில் ஒரு டிராக் ஏழு எண்ணிக்கையில் போகுமாம். தகிட தகதிமி என்று என் முழங்காலில் தட்டிக் காட்டினார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எத்தனை தடவை தட்டினாலும் எட்டில்தான் போய் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை புது ஹெட்போனில் எனக்குத்தான் முதலில் போட்டுக்காட்டுவதாகச் சொல்லியிருந்தார். வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மோகனூரிலிருந்து பெரியம்மா தன் மகளோடு வந்தார். பெரியப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கு மறுபடியும் கல்யாணம் பேசுகிறார்கள் என்று எனக்கும் அரைகுறையாகத் தெரியும். கல்யாணமென்றால் எனக்கொரு புதுப் பாவாடை என்ற அளவில். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்ததும் மாமா எங்களிருவரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். ஹெட்போனை எடுத்தார். நான் தலையை நீட்டினேன். அவர் அதை அக்காவுக்கு மாட்டி, சத்தத்தையும் கூட்டிவைத்தார்.

"எனக்குத்தான் மொதல்லன்னீங்க?"

"இன்னிக்கு அக்கா கேக்கட்டும் சாமி. கழட்டச் சொல்லக் கூடாது." கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அக்கா கட்டில் விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். காலையில் அம்மா அவளுக்கு மட்டும் இரண்டாவது முட்டை தோசை வைத்தது வேறு நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு. மறுபடியும் ஏழு. யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு தடவைகூடத் தவறவுமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் ஹெட்போனைப் பிடுங்கினேன்.

ஹாலில் பெரியம்மா பேசுவது கதவைத் தாண்டிக் கேட்டது. "புள்ளையக் கூட்டிக்கிட்டு வர வேண்டாங்கறாங்க. நானும் செரீன்னுட்டேனுங்க."

அப்படியானால் பிள்ளையை எங்கே விடுவது என்று யாரோ கேட்டார்கள். எங்களுக்கு இருப்பதே இரண்டு அறை என்றார் அப்பா.

அக்கா எழுந்து நின்றாள். அடிப்பாள் என்று ஹெட்போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் அதை மெதுவாக வாங்கி, என் தலையில் மாட்டி, இரண்டு காதிலும் நன்றாகப் படியும்படி அழுத்திவிட்டாள்.

"நீயே கேளு," என்றாள்.

டிரம்ஸ் இடித்துக்கொண்டு வந்தது. அதன்மேல் கிடார் ஏறியது. தட்டிப் பார்த்தேன், முதல் தடவையாக ஏழு எனக்குப் பிடிபட்டது. அக்காவின் கையை இழுத்துத் தட்டிக் காட்டினேன். அவள் திரும்பவேயில்லை, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கும் வந்துவிட்டதே என்று அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.