நைனாவின் முறை போன விதம்

யாரையும் எளிதில் நம்பும் வழக்கம் எனக்குக் கிடையாது. பால்காரர் ஊற்றும்போது நான் பாலைப் பார்ப்பதில்லை. அளவைக்குள் அவருடைய கட்டை விரல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். "சாமி பிரசாதம் குட்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் துன்னுவா இவ" என்று அம்மா இருந்தவரை கேலி செய்வாள். நைனா, அதாவது என் அப்பா, நேரெதிர். எல்லாரும் நல்லவர்கள் அவருக்கு.

நைனா மாங்காய் மண்டியில் கூடை தூக்கியவர். ஆந்திர எல்லையில், பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போன வருஷம் அவருக்கு வலது காலை ஊன்ற முடியாமல் போயிற்று. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு மூட்டுக்குப் போகும் ரத்தம் நின்று எலும்பு செத்துவிட்டது, செயற்கை மூட்டு வைத்தால் நடப்பார், தள்ளிப்போட்டால் கால் சூம்பிவிடும் என்றார் டாக்டர். அரசு காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவில்லை. ஆனால் பெயரை எழுதிக்கொண்டு, மூட்டு வந்ததும் போனில் கூப்பிடுவார்களாம். நைனாவிடம் போன் கிடையாது, என் நம்பரைக் கொடுத்தேன். எல்லை தாண்டித் திருத்தணியில் காட்டலாம் என்றால், அங்கே ஆந்திரா அட்டை செல்லாது.

ரெண்டு மாதம் என்றார்கள். ஐந்து மாதம் ஆயிற்று.

நான் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை லீவு. மாதம் ஒரு செவ்வாய் நைனாவைப் புத்தூர் வழியாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், எலும்பு வார்டு வாசலில் உட்கார்ந்துகொள்வேன். நைனா மருந்துக்குப் போவார். நான் வேவு பார்க்கப் போவேன். வரிசை நோட்டை வைத்திருந்த அம்மாள், நாங்கள் கிட்டே போனால் அதை மூடிவிடுவார். எதற்கு மூட வேண்டும்? வாட்ச்மேன் சிலரை மட்டும் பெயர் கேட்காமல் உள்ளே விட்டான். நாங்கள் தமிழில் பேசுவதால்தான் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள் என்றும் தோன்றியது. எல்லாவற்றையும்விட, எங்களுக்கு அடுத்து பெயர் எழுதிய கங்காதர நெல்லூர்க்காரர் மீதுதான் எனக்குக் கண். அவருக்கும் அதே மூட்டு. கூட வந்த மச்சான் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு.

"அந்த ஆளு ஏதோ உள்வேல பண்றான் நைனா, பாத்துக்கினே இரு."

"சும்மா இரும்மா. அவனும் நம்மள மாதிரி நொண்டிக்கினுதான கீறான்."

இதற்கிடையில் எனக்கு ஒரு மோசடி போன் வந்தது. எங்கள் ஊரில் தமிழ்நாட்டு டவர்தான் எடுக்கும் என்பதால் வீட்டுக்கு வீடு தமிழ்நாட்டு சிம். அதில் தெலுங்கில் யாராவது பேசினால் ஒன்று லோன்காரன், இல்லையென்றால் திருடன். பக்கத்துத் தெரு அக்காவிடம் இப்படித்தான் ஓடிபி வாங்கி மகளிர் குழுப் பணத்தையே சுருட்டிவிட்டார்கள். அதே மாதிரி ஒரு பெண் குரல், செல் நம்பரிலிருந்து, ஆதார் நம்பரைச் சொல்லுங்கள், ஓடிபி வரும், அதையும் சொல்லுங்கள் என்று தெலுங்கில் அவசரப்படுத்தியது. முழுதாகக் கேட்பேனா? நாயே பேயே என்று திட்டி, போலீசுக்குப் போவேன் என்று மிரட்டி, நம்பரை பிளாக் செய்தேன். கம்பெனியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அடுத்த முறை போனபோது வார்டு வாசலில் கங்காதர நெல்லூர்க்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மச்சான் பின்னால் வந்துகொண்டிருந்தான், அதே சிரிப்போடு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நைனாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், தெலுங்குக்காரிக்குப் புரியாது என்ற தைரியத்தில், "துட்டு வாங்கிக்கினு பின்னால வந்தவன முன்னால ஏத்திவுட்டுட்டாங்க" என்று தமிழில் கத்தினேன்.

நோட்டு அம்மாள் நிமிர்ந்தார். "யாரும்மா துட்டு வாங்கனது? இங்க வா" என்றார், நல்ல சித்தூர்த் தமிழில்.

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நைனா பெயருக்கு எதிரே மூன்று தேதிகள். முதல் இரண்டுக்கும் எடுக்கவில்லை என்று தெலுங்கில் எழுதியிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் ஷிப்டில் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். தெரியாத நம்பரைத் திருப்பிக் கூப்பிடும் வழக்கமும் எனக்குக் கிடையாது. மூன்றாவதற்கு எதிரே: திட்டினார், விருப்பமில்லை.

"இங்க லேண்ட்லைன் கெட்டுப்போய் எத்தினி மாசமோ ஆவுது. என் செல்லுலதான் எல்லாரையும் கூப்புட்றேன். ஓடிபி இல்லன்னா அப்ரூவல் வராது. உங்க நைனாக்கு மூட்டு வந்து நாலு நாளு வெச்சிருந்தேன். உன் லைனே போவல. ஊருக்கு ஆளு அனுப்ப இங்க யாரு கீறாங்க? இந்த வார்டுக்கு நான் ஒருத்திதான்."

அவர் அதட்டவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. விருப்பமில்லை என்று பதிவானதால் முறை போய்விட்டது, இனிமேல் கடைசியில்தான் என்று சொல்லி, நைனா பெயரைப் புதிதாக எழுதிக்கொண்டார். அடுத்த மூட்டு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

பெஞ்சுக்கு இருபது அடி தூரம் இருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"அந்த கங்காதர நெல்லூர் ஆளு உள்ள ஆளப் புடிச்சி முந்திக்கினான் நைனா. நம்ம முற போச்சி."

நைனா குனிந்து தன் காலைத் தடவிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அப்பவே சொன்ன. நாந்தான் நம்பல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லாமலே அவரை எழுப்பி பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது எந்த நம்பர் வந்தாலும் எடுக்கிறேன், லோன்காரனிடம்கூட மரியாதையாகப் பேசுகிறேன். ஷிப்டில் இருக்கும்போது எடுக்க, பக்கத்து வீட்டு நம்பரையும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் இன்றைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு இல்லை. நைனாவின் வலது தொடை இடதைவிட நன்றாக இளைத்துவிட்டது.

யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷர், தினமும் காலையில் கட்டிலைவிட்டு எழும்போது வலி தாங்காமல் கேட்கிறார்: "என் முறய கெடுத்தவங்க நல்லா இருப்பாங்களாம்மா?"

"இருக்க மாட்டாங்க நைனா" என்று சொல்லி, அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்துகிறேன்.