பாக்கியநாதன் பேசி முடித்த பூசை

மேச்சேரிப் பக்கத்து ஆட்டுத் தரகர்களில் லத்தீன் தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான். எங்கள் மாதாகோயில் பங்கைச் சேர்ந்த பாக்கியநாதன். தெரிந்தவன் என்றால் அர்த்தம் தெரிந்தவன் இல்லை. பூசையில் சாமியார் லத்தீனில் ஒன்று சொன்னால், பீடத்தடியில் மண்டியிட்டிருக்கிறவன் லத்தீனிலேயே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களையெல்லாம் மீசை முளைக்கும்போதே மனப்பாடம் செய்தவன், மீசை நரைக்கிற வரைக்கும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிற ஆள், பீடத்தடிக்குப் போனால் ரோமாபுரியில் பிறந்தவன் மாதிரி ஆகிவிடுவான். ஊரில் அவனுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான். மற்றபடி ஒரு தரகனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

சந்தையிலும் லத்தீனை விடமாட்டான். சீக்கு ஆட்டின் காதில் ரெண்டு வரி முணுமுணுப்பான். ஆட்டுக்கார வெங்கடாசலம் அசந்துபோய், "பாக்கியா, அந்த மந்தரத்தை இன்னொருக்காச் சொல்லு, ஆடு காதை ஆட்டுது" என்பான்.

அப்புறம் ரோமாபுரி உத்தரவில் பூசை தமிழுக்கு வந்தது. சாமியார் சனங்களைப் பார்த்து நிற்கிற மாதிரி பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள். பதிலைச் சனங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லலாம் என்றார்கள். கோயில் கூட்டுகிற சாலம்மாள் சொன்னாள், அவள் மருமகள் சொன்னாள், பால்குடிப் பிள்ளை தவிர அத்தனை பேரும் சொன்னார்கள். பாக்கியநாதன் மட்டும் கடைசித் தூண் ஓரம் வாயைப் பூட்டிக்கொண்டு நின்றான்.

"ஊரே கத்துற எடத்துல நானும் எதுக்குங்கண்ணா கத்தோணும்?" என்றான் என்னிடம்.

அறுபத்தெட்டாம் வருசம், ஓய்வு பெற்ற சாமியார் ஒருத்தர் எங்கள் பங்கில் தங்க வருவதாகப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அறிவித்தார். வருகிறவருக்குக் கண் மங்கிவிட்டதாம். புதுப் புத்தகத்தை வாசிக்க முடியாதாம். அதனால் மனப்பாடமான பழைய லத்தீன் பூசையையே காலையில் தனியாகச் செய்துகொள்வாராம். கடைசித் தூண் பக்கம் ஓர் இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பாக்கியநாதன் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வரவேற்பு வேலை முழுக்க அவன் தலையில். தலையில் என்ன, அவனாகவே பிடுங்கி வைத்துக்கொண்டான். பெரியவருக்கு ஒதுக்கிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டான். அவன் பெண்டாட்டி இன்னாசிமேரி என்னிடம் வந்து அழாத குறை.

"அண்ணா, எனக்குச் சீலை எடுக்கறதுக்குன்னு வளத்துன கெடாயை இந்த மனுசன் சாமியார் விருந்துக்குப் புடிச்சுக் குடுத்துட்டாருங்க. ஏனுங்கன்னு கேட்டா லத்தீன்ல வைய்யறாருங்க."

"வைய்யறானா செபம் பண்றானான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

பஸ் வந்த அன்று மேளக்கார ஆண்டியின் மேளம் அதிர்ந்தது. வெள்ளை அங்கியும் ஊன்றுகோலுமாகப் பெரியவர் இறங்கினார். எல்லாரும் "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டோம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த பாக்கியநாதன் கணீரென்று, "எத் கும் ஸ்பிரித்து துவோ!" என்றான்.

அது பதில்; 'உம் ஆன்மாவோடும்' என்று அர்த்தம். சாமியார் முதலில் ஒன்று சொன்ன பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும். பாவம், அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பதில் மட்டும்தான்.

பெரியவர் குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தார். "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேப்பா!"

"அதுக்கென்னங்க சாமி, இனித் தெனமும் சொல்லுங்க."

சாயங்காலம் பந்தலில் மாலை போட்டோம். பெரியவர் பேச எழுந்தார்.

"ஆயுசு முழுக்கச் சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு லத்தீன்ல பூசை பண்ணினேன். நான் சொன்னது ஒருத்தருக்கும் வெளங்கல. தமிழ் வந்துச்சு, கண்ணு போயிருச்சு. சாகறதுக்குள்ள தமிழ்ல பூசை பண்ணோணும். யாராச்சும் காதுல எடுத்துக் குடுத்தா நானும் பாடம் பண்ணிக்குவேன்."

பங்குச் சாமியார் யோசிக்கவே இல்லை. "மனப்பாடத்துக்கு நம்ம பாக்கியநாதன்தான்!" என்றார். பந்தலே கைதட்டியது. பாக்கியநாதன் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அப்புறம் கோயில் பக்கமே அவன் வரவில்லை. ஒரு நாள் பெரியவரே அவன் ஆட்டுப்பட்டிக்குப் புறப்பட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான். என்ன நடக்கும் என்று பார்க்காமல் இருக்க எனக்கு மனசு கேட்குமா?

"என்னப்பா கோவம்?" என்றார்.

"உங்களுக்கு லத்தீன் சலிச்சுப்போச்சுங்க சாமி. எனக்கு அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. நீங்க வாரீங்கன்னு கெடாயக் குடுத்தேன், சுண்ணாம்பு அடிச்சேன். கடைசில எங்கிட்டயே வந்து தமிழைக் கத்துக்குடுன்னா?"

"அர்த்தமே தெரியாம என்னத்தடா சொல்லிக்கிட்டிருந்தே?"

"ஊர்ல யாருக்கும் தெரியாததுனாலதானுங்க ஒருத்தனும் என்னைத் திருத்தல."

 பெரியவர் கையை நீட்டினார். "துண்டைப் போடு. பேசி முடிச்சுக்கலாம்."

ஆட்டு வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைகள் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர் ஒரு காலத்தில் பங்குத் திருவிழாவுக்குச் சந்தையில் ஆடு பிடித்தவராம். வாரத்தில் லத்தீனுக்கு எத்தனை நாள், தமிழுக்கு எத்தனை நாள், இதுதான் பேரம். துண்டு துடித்தது. பாக்கியநாதன் நெற்றியில் வேர்வை. எனக்கு எட்டிப் பார்க்கவும் வழியில்லை. கடைசியில் துண்டை எடுத்தபோது அவன் முகம், பால்மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவன் முகம் மாதிரி இருந்தது.

"வெள்ளிக்கெழமை ஒரு நாளுதானுங்க லத்தீனு" என்றான். "இந்தக் குருட்டுச் சாமிகிட்ட நான் ஏமாந்தேன் பாருங்கண்ணா."

"காதும் கேக்காதுன்னு நெனச்சியாப்பா?" என்றார் பெரியவர்.

பேச்சு பேச்சுதான். பங்குச் சாமியார் வாசிக்க, பாக்கியநாதன் தமிழைப் பாடம் செய்து, பெரியவருக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தான். பூசையில் அவர் தடுமாறினால் பின்னாலிருந்து சிடுசிடுவென்று எடுத்துக் கொடுப்பான். அந்த எரிச்சலையெல்லாம் வெள்ளிக்கிழமைக்காகத்தான் பொறுத்துக்கொண்டான்.

கொஞ்ச நாள் வெள்ளிக்கிழமை லத்தீன் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு வெள்ளி. கோயிலில் நானும் இன்னாசிமேரியும்தான். பெரியவர் கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். பாக்கியநாதன் திடுக்கிட்டான். முறைத்தான். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றார்.

"உம் ஆன்மாவோடும்" என்று முனகினான் பாக்கியநாதன்.

பூசை முடிந்ததும் வாசலில் மறித்துக்கொண்டான். "சாமி, துண்டுக்குள்ள பேசுன பேச்சு என்னாச்சுங்க?"

"அடடா, இன்னிக்கு வெள்ளியா? நீ அத்தனை நல்லாச் சொல்லிக் குடுத்துட்டேப்பா. லத்தீனு நாக்குல வரமாட்டீங்குது."

வேறு ஆளாக இருந்தால் பேச்சு மாறியவன் என்று சந்தை முழுக்க நாறடித்திருப்பான். சாமியாரை என்ன செய்வது? "அடுத்த வெள்ளியும் இப்படிப் பண்ணுனீங்கன்னா, மறந்துட்டு முழிச்சாலும் ஒரு வரி எடுத்துக் குடுக்க மாட்டேனுங்க. நின்னு தவிங்க!" என்று கத்திவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளியும் பெரியவர் தமிழில்தான் ஆரம்பித்தார். நடுவில் மறந்துபோய் முழித்தார். பாக்கியநாதன் எங்களைத் திரும்பிப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான்.