பதினோரு நாள் குடித்தனமும் ஒரு ஆஸ்திரேலியா டிக்கெட்டும்

ஊரையெல்லாம் விமானம் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் மண்டி மொஹல்லாவின் ஆட்டோ ஹார்னுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் டிராவல் ஏஜென்சி. மைசூரில் இருபது வருஷமாக இதைச் செய்கிறேன். என் பாஸ்போர்ட்டில் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது. மற்றபடி அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

கொரோனாவில் எல்லா நாடும் எல்லையை மூடினபோது வேலை சுலபமாக இருந்தது. யார் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொன்னால் போதும். திறக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அப்போதுதான் என் பிராணன் போயிற்று. எந்த நாட்டுக்கு எந்த ஊசி, எத்தனை மணி நேரத்துக்குள் டெஸ்ட், இறங்கினதும் எத்தனை நாள் அடைப்பு என்று காலையில் ஒன்று சொல்வார்கள், சாயங்காலம் மாற்றுவார்கள். அந்த நாட்களில் மூக்கில் குச்சியும் கண்ணில் தண்ணீருமாக எங்காவது வரிசையில் நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். மேலே படியுங்கள்.

பாதி தூரம்

கோகிலாவுக்குக் கல்யாணமான பதினோராவது நாள் மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டான். பிரகாஷ் அங்கே லாரி மெக்கானிக். அவனுக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான். கொஞ்ச நாளில் விசா எடுத்து அவளையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் அந்த நாடு கதவைச் சாத்திக்கொண்டது. அவனுடையது தற்காலிக விசா என்பதால் அவன் மனைவிக்கு விதிவிலக்கு இல்லை. அவனே ஊருக்கு வந்தாலோ திரும்பிப் போக முடியாது.

அவள் பிறந்தது ஹனூர், வாழ்க்கைப்பட்டது கொள்ளேகால். பஸ் ஓடின மாதமெல்லாம் மாமனார் குருசாமியோடு ஒரு தடவை என் ஆபீசுக்கு வந்துவிடுவாள். "திறந்துட்டானுங்களா அம்மிணி?" என்று அவர் கேட்பார். இன்னும் இல்லை என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு, தோட்டத்து அவரைக்காயை என் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்திருப்பார். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். சுவரில் நான் மாட்டியிருக்கும் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் எனக்கே கோபம் வந்துவிட்டது. ஊரெல்லாம் காய்ச்சலாகக் கிடக்கும்போது இரண்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்து இதைக் கேட்க வேண்டுமா, போன் எதற்கு இருக்கிறது என்று சத்தம் போட்டேன். கோகிலா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "திறந்தா நீங்களே போன் பண்ணுவீங்கன்னு தெரியுங்கக்கா. இங்க வந்து உக்காந்தா பாதி தூரம் போயிட்ட மாதிரி இருக்குதுங்க."

பாஸ்போர்ட்டும் அடைப்பில்

சம்பத் மாமா ரிடையரான இன்ஜினியர், பூர்வீகம் மேல்கோட்டை. லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்க அவருக்கு டிக்கெட் போட்டேன். கிளம்பும் நாள் பஞ்சாங்கப்படி சரியில்லை என்றார். வேறு நாளில் விமானம் இல்லை என்றேன். அதற்கென்ன, பரஸ்தானம் செய்துவிட்டால் போயிற்று என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நல்ல நாளில், நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு. ஆனால் அந்தப் பை திரும்ப வீட்டுப் படி ஏறக்கூடாது.

மாமா பையை எதிர்வீட்டில் வைத்தார். பயணத்துக்கு உண்டான சாமான் உள்ளே இருந்தால்தான் விசேஷம் என்று பாஸ்போர்ட்டையும் அதிலேயே போட்டு வைத்தார். மறுநாள் எதிர்வீட்டில் நாலு பேருக்கும் பாசிட்டிவ். ஏழு நாளைக்கு யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது என்று வாசலில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். மாமாவின் விமானமோ அதற்கு இரண்டாம் நாள். என் கூட வேலை பார்க்கும் ஃபைரோஸ்தான் ஸ்கூட்டரில் ஓடினான். அரை நாள் போனில் கெஞ்சிக் கூத்தாடி, எதிர்வீட்டு மாடியிலிருந்து துணி உலர்த்தும் கயிற்றில் கட்டிப் பையை இறக்க வைத்தான். பையின் மேல் ஒரு பாட்டில் சானிடைசரைக் கொட்டி, பாஸ்போர்ட்டை வெயிலில் காயவைத்து, என் ஆபீசில் கொண்டுவந்து வைத்தோம்.

இனிமேலாவது இந்த வேலையெல்லாம் வேண்டாம் மாமா என்று கும்பிட்டேன். அவர் அசரவில்லை. "மனுஷாளை ஏழு நாள் உள்ள உட்கார வெச்சவா, என் பையை அரை நாள்ல விட்டுட்டா. பரஸ்தானம் பலிச்சுதா இல்லையா, நீயே சொல்லும்மா."

சாப்டீங்களா

ஒருவழியாக ஆஸ்திரேலியா திறக்கப் போகிறது என்று செய்தி வந்தது. கோகிலாவின் விசா வேலையை ஆரம்பித்தோம். நீங்கள் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டிதானா, அதற்கு ஆதாரம் கொடுங்கள் என்று அந்த நாட்டு அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். நானூறு போட்டோ. இவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தது ஒன்றே ஒன்று, அதிலும் ஓரத்தில் யாரோ ஒருவரின் கை தெரிந்தது.

சரி, போனில் பேசிக்கொண்ட மெசேஜையாவது கொடு என்றேன். கூச்சப்பட்டுக்கொண்டே கொடுத்தாள். அதை வரிசையாக அச்செடுத்து இங்கிலீஷில் எழுதும் வேலை ஃபைரோஸுக்கு. எழுத எழுத அவன் முகம் ஒரு தினுசாகப் போயிற்று. வாங்கிப் பார்த்தேன். "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன்." மறுநாள் திரும்ப அதுவே. பக்கம் பக்கமாக அதுதான். இதைப் படிக்கும் அதிகாரி இது கல்யாணமா, மெஸ் நடத்துகிற கம்பெனியா என்று கேட்பானே என்று எனக்குக் கவலை.

கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு ஒன்றும் பேசிக்கொள்வதே இல்லையா என்று கேட்டேன். வீடியோவில் பேசினால் வீடே சுற்றி உட்கார்ந்திருக்குமாம். மெசேஜில் என்ன எழுதுவதென்று இவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. "முகம் தெரியுங்கக்கா, ஆளு தெரியாது. அவரு வெக்கப்படறாரா, இல்ல நான் வேண்டாம்னே நினைக்கறாரான்னு புரியலீங்க" என்றாள். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒரு கேள்விக்குறியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது இந்தப் பெண்.

அவள் போனபிறகு ஃபைரோஸ் காகிதக் கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னான்: "பூரா பார்த்துட்டேன் மேடம், ஒரு நாள்கூட விட்டுப்போகலை. என் பொண்டாட்டி ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்னை இத்தனை தடவை கேட்டதில்லை."

இரண்டு வழி

அதிகாரிக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். விசா வந்துவிட்டது.

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். பிரகாஷ் இருக்கும் ஊருக்கு நேராகப் போய் இறங்கினால் வீட்டோடு ஏழு நாள் அடைப்பு. அதே வீட்டில் இருப்பவரும் வாசல் தாண்டக்கூடாது, வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. நான் விடுவேனா? மூன்று நாள் தேடி, சிட்னி வழியாக ஒரு வழி கண்டுபிடித்தேன். சிட்னியில் அடைப்பு கிடையாது; அங்கே இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பிரகாஷின் மாநிலமும் அடைக்காது. குருசாமியின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். பிரகாஷும் அங்கே வந்துவிட்டால், இருவரும் அவர் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுக் கெடுபிடி இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவள் போல இதை அவர்களிடம் விளக்கினேன். "அருமைங்க அம்மிணி, அங்க வீடு நிறைய சனம், புள்ளைக்குப் பொழுது போயிரும்" என்று குருசாமி எழுந்து, சந்தோஷத்தில் எல்லாருக்கும் காபி சொல்லக் கீழே போனார்.

அவர் படி இறங்கினதும் கோகிலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா, அந்த ஏழு நாள் இருக்கற டிக்கெட்டையே போடுங்க" என்றாள். நான் சொன்னது புரியவில்லை போலிருக்கிறது என்று திரும்ப விளக்கினேன். அடைப்பு என்றால் ஜெயில் மாதிரி, அவனும் வேலைக்குப் போக முடியாது, ஈ காக்கை எட்டிப் பார்க்காது என்று பயமுறுத்தினேன். "அதுதானுங்கக்கா வேணும்" என்றாள்.

பதினோரு நாளில் ஒன்பது நாள் விருந்து. ஒரு நாள் மாதேஸ்வரன் மலைக்கு வேண்டுதல், வேன் நிறையச் சொந்தக்காரர்கள். மிச்சமிருந்த ஒரு நாள் அவன் பெட்டி கட்டினான், பெட்டியைச் சுற்றியும் சனம். இப்போது சிட்னியிலும் ஒரு வீடு நிறைய ஆட்கள் என்றால் அவள் எங்கே போவாள்? சிட்னிக்குச் சீட்டு இல்லை என்று மாமனாரிடமும் பிரகாஷிடமும் சொல்லிவிடச் சொன்னாள். தான் கேட்டது அவனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பானோ என்று பயம். இருபது வருஷத்தில் கிடைத்த டிக்கெட்டை இல்லை என்று சொன்னதே கிடையாது நான். முகத்தைப் பார்த்தேன், சரி என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வீட்டுல ஒருக்காகூட உள்ளார தாழ் போட முடியலீங்கக்கா. அங்க கவர்மென்டே தாழ் போட்டுத் தருதுங்களே."

எடுத்துவிட்டார்கள்

அவள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அந்த மாநிலமும் அடைப்பை எடுத்துவிட்டது. எங்கள் தொழிலில் அன்றைக்குத் திருவிழா. ஃபைரோஸ் எல்லாருக்கும் கேசரிபாத் வாங்கிவந்தான். என் பங்கை அப்படியே மூடி வைத்தேன். சட்டம் எப்போது தளரும் என்று தவம் கிடந்தவள், கோகிலாவுக்குப் போன் செய்ய மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சொன்னேன். "சரிங்கக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பின்னாலேயே குருசாமி கூப்பிட்டார். பிரகாஷின் கூட்டாளிகள் பத்துப் பேர் ஏர்போர்ட்டுக்கு வரப்போகிறார்களாம், வீட்டிலேயே வரவேற்பாம், தினம் ஒரு வீட்டில் விருந்தாம். அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அவள் போய் இறங்கின மறுநாள் பிரகாஷ் என்னைக் கூப்பிட்டான். எனக்குத் திக்கென்றது. "சிட்னிக்குச் சீட்டு இல்லைன்னு சொன்னீங்களே அக்கா, அன்னைக்கே நானும் பார்த்தனுங்க. நிறைய இருந்துச்சு" என்றான். சமாளிக்க வேறு பொய்யைத் தேடினேன். அவனோ சிரித்தான். இவள்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாள் என்று புரிந்ததாம். "எனக்கும் அதேதான் ஆசைங்க. கேக்கத்தான் வாய் வரல" என்றான். பட்டறையில் கொடுத்த ஏழு நாள் லீவை அவன் திருப்பித் தரவில்லை. முன்னாடியே டிக்கெட் போட்டவர்களுக்குப் பழைய சட்டம்தான் என்று கூட்டாளிகளிடம் சொல்லி, ஏர்போர்ட்டுக்கு ஒருவரையும் வரவிடாமல் தடுத்து, தான் மட்டும் போய் அழைத்துவந்திருக்கிறான். கதவை உள்ளே தாழ் போட்டாயிற்றாம். பக்கத்தில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். போனை வைத்துவிட்டு அழுதேன், ஃபைரோஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

சாயங்காலம் குருசாமி போன் செய்தார். டிவியில் சட்டம் போய்விட்டது என்கிறார்கள், பிள்ளைகள் ஏன் இன்னும் வெளியே வரவில்லை, நீங்கள் விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். நான் ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டு, பழைய டிக்கெட்டுக்குப் பழைய சட்டம், ஏழு நாள் ஏழு நாள்தான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் மெல்லச் சிரிக்கிற மாதிரி இருந்தது. "சரிங்க அம்மிணி, அந்த ஏழு நாளைக்கு இங்கிருந்தும் யாரும் போன் பண்ணாம நான் பாத்துக்கறனுங்க. சட்டம்னா சட்டம்தானுங்களே."

எத்தனையோ நாடுகளின் சட்டத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன், நானே கூட இருந்து போட்ட சட்டம் இது ஒன்றுதான், இதை எப்போது தளர்த்துவீர்கள் என்று கேட்டு இன்றுவரை ஒருவரும் என் படி ஏறவில்லை.