அடி எடுத்துக் கொடுத்த குரல்

பதினான்கு மாடிக் கட்டடம். ஆறு லிஃப்ட். ஆறையும் ஓட வைப்பது ஒரே ஆள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கட்டடம் முழுக்க அவர் 'ஸீரோ'தான். சின்னவர்களுக்கு ஸீரோ அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் ஸீரோ.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், கட்டடத்து வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். வாசல் காவலாளி வயலின் வாசிப்பார். துப்புரவுப் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்த அக்கா பாடுவார். மற்றவர்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டபடியே தலையாட்டுவார்கள். லிஃப்ட்காரர் மட்டும் சாப்பிட மாட்டார். குட்டி டிஸ்க்கில் ஒலி பதியும் உள்ளங்கையளவு மினிடிஸ்க் ரெக்கார்டர் ஒன்றை ஸ்டூலின் மேல் வைத்து, மைக்கை ஒரு பழைய மேசை விளக்கின் கழுத்தில் கட்டி, ஹெட்ஃபோனோடு குந்தியிருப்பார். முடிந்ததும் கொஞ்சம் ஓட விட்டுக் கேட்டு, "இரைச்சல் ஸீரோ" என்பார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வரும். பெயர் ஒட்டிக்கொண்டது.

இரைச்சல் என்றால் அவருக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. இளவயதில் கேசட்டுகளோடு மல்லுக்கட்டியவர். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று நகல் எடுக்க எடுக்கப் பாட்டு உள்ளே போய், 'உஸ்' என்கிற சத்தம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் மினிடிஸ்க் கைக்கு வந்த நாளை, மற்றவர்கள் கல்யாண நாளைச் சொல்வதுபோல் தேதி சொல்லிச் சொல்வார். கல்யாண நாளை மறந்துவிடுவார். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். "என்னையும் அந்த டப்பாக்குள்ள போட்டு லேபிள் ஒட்டி வைங்க, அப்பவாவது தேதி ஞாபகம் இருக்கும்" என்பார்.

அந்த இயந்திரம் ஒரு பக்கம் தாராளம், ஒரு பக்கம் மகா கஞ்சம். மூலப் பதிவிலிருந்து ஒளிக்கம்பி வழியே நகல் எடுத்தால் ஒரு துளி குறையாமல் அப்படியே வரும். ஆனால் அந்த நகலிலிருந்து மறுபடி அப்படி நகல் எடுக்க முடியாது. எடுக்கும்போதே டிஸ்க்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை விழுந்துவிடும். அடுத்த தடவை கேட்டால், முடியாது என்று சின்னத் திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கடையில் விற்கும் பாட்டை ஊரெல்லாம் நகல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கடைப் பாட்டு எது, துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு வந்து பாடுகிறவரின் சொந்தப் பாட்டு எது என்று அதற்குத் தெரியாது. எல்லாரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கும்.

ஸீரோ இதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருந்தார். மூல டிஸ்க் வீட்டு அலமாரியை விட்டு நகராது. யாருக்கு நகல் வேண்டுமானாலும் மூலத்திலிருந்துதான். அலமாரிக்குக் கீழே இரண்டு இயந்திரங்கள்: டிஸ்க்கை ஓட்டும் ஒரு டெக், சிடி எழுதும் ஒரு பெட்டி. இரண்டும் உடைசலாக வந்தவை. கையேட்டையும் அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் நோண்டி உயிர் கொடுத்திருந்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பதிவு வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து மூல டிஸ்க்கிலேயே வெட்டுவார். இருமல், தும்மல், நாற்காலி இழுபடும் சத்தம், தப்பாகத் தொடங்கி நிறுத்தியது எல்லாம் போய்விடும். பாட்டு மட்டும் நிற்கும்.

"ஊர்ல இருமுறவங்க இருக்கறதாலதான் நம்ம வீட்டு அடுப்பே எரியுது" என்பார் மனைவி. "நீங்க என்னடான்னா ஒரு இருமலையும் விட்டு வைக்க மாட்டேங்கறீங்க."

அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆபத்தில்லை. ஆனால் குரல் திரும்பவில்லை. பேசினால் சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல் வரும். புதன்கிழமைக் கூட்டத்துக்கு இப்போதும் வருவார். தாளம் போடுவார்.

ஒரு திங்கட்கிழமை ஸீரோ மூன்றாம் நம்பர் லிஃப்ட்டின் கூரை மேல் நின்று கம்பிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா கீழே வந்து நின்று வாளியைத் தட்டினார். கூப்பிட்டால் கேட்காது என்று அவருக்கே தெரியும்.

"இதோ இறங்கறேன்க்கா."

"இறங்க வேண்டாம், குனி. அந்தப் படிப் பாட்டு இருக்கா உன்கிட்ட?"

படிப் பாட்டு அக்காவே கட்டியது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, படிக்கட்டு துடைக்கும் வேலை. குழந்தையை ஒரு பெட்டியில் போட்டுக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, மேலிருந்து துடைத்துக்கொண்டே இறங்குவார். குழந்தை தூங்க வேண்டுமே. அதற்காகப் பாடிப் பாடி உண்டானது. 'முதல் படியில தூக்கம் வந்து உக்காந்திருக்கு' என்று தொடங்கும்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. மூலமே இருக்குக்கா. இரைச்சல் ஸீரோ."

"அவளுக்கு அனுப்பணும், தம்பி. இது எட்டாம் மாசம். பிள்ளைக்கு யாரும்மா பாடுவாங்க, உனக்கும் குரல் போச்சு, எனக்குப் பாடவே வராதுன்னு போன்ல அழறா. வெள்ளிக்கிழமை பார்சல் போகுது."

மகள் கடல் தாண்டிப் போய் ஐந்து வருடம். அவளிடம் சிடி கேட்கும் பெட்டி உண்டு, மினிடிஸ்க் கிடையாது.

"நாளைக்கே தரேன்" என்றார் ஸீரோ.

சொன்னபடி கொடுத்தார். மூலத்திலிருந்து ஒளிக்கம்பி வழியே சிடிக்கு. மேலே அழகான எழுத்தில் லேபிள். செவ்வாய்க்கிழமை மதியம் காவலாளியின் அறையில் இருந்த பெட்டியில் போட்டார்கள். அக்காவின் பழைய குரல் கணீரென்று வந்தது. முதல் படி, இரண்டாம் படி என்று இறங்கி, கடைசிப் படியில் நின்றது. காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எங்க?"

"யாருக்கா?"

"என் பொண்ணு. அன்னிக்கு அவ இருந்தா. நான் மூக்குக் கண்ணாடிய மறந்துட்டேன்னு கொண்டாந்து கொடுத்தா. நான் ரெண்டாவது வரி மறந்து முழிச்சேன். அவதான் அடி எடுத்துக் கொடுத்தா. அப்புறம் சிரிச்சுட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன்."

தப்பாகத் தொடங்கி நிறுத்தியது. அதைத்தான் ஸீரோ வைக்க மாட்டாரே.

"அந்தப் பாட்டே எனக்குத் தெரியாதுன்னு சாதிக்கறா தம்பி" என்றார் அக்கா. இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் நிறுத்தவில்லை. "என் குரலைக் கேட்டா இன்னும் அழுவா. அவ குரலை அவ கேக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்."

"வெட்டிட்டேன்க்கா" என்றார் ஸீரோ.

அக்கா சிடியை முந்தானையில் துடைத்து உறைக்குள் போட்டார். அவர் திட்டியிருந்தால் ஸீரோவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா போன பிறகு காவலாளிதான் வாயைத் திறந்தார்.

"ஏம்ப்பா, அன்னிக்கு நான் வாசிச்சதை நான் கேக்கணும்னு, முழு மணி நேரத்தையும் ஒரு டிஸ்க்ல போட்டுக் கொடுத்தியே?"

"அண்ணே! அது இருக்கா?"

"இல்லாம? உன்ன மாதிரியா நான், ரொட்டி ஓரத்தை நறுக்கற மாதிரி நறுக்கிட்டே இருக்க?"

"வெட்டறதுக்கு முன்னாடியா எடுத்துக் கொடுத்தேன்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். ஊர்ப்பட்ட இருமல் இருக்கும். நான் இருமினது கூட இருக்கும்."

வயலின் பெட்டிக்குள், வில்லுக்குப் பூசும் மெழுகுக்குப் பக்கத்தில் அந்த டிஸ்க் கிடந்தது. ஸீரோ அதைத் தன் ரெக்கார்டரில் போட்டு அங்கேயே கேட்டுப் பார்த்தார். காவலாளியின் இருமல் இரண்டு. நாற்காலி ஒன்று. அப்புறம் அக்கா: 'முதல் படியில தூக்கம் வந்து உக்காந்திருக்கு... ரெண்டாம் படியில... ரெண்டாம் படியில...' உடனே மைக்குக்குத் தள்ளி, சலித்துக்கொண்ட ஒரு பெண் குரல், அதே ராகத்தில்: 'பூனை வந்து படுத்திருக்கு! பூனைம்மா, பூனை!' எல்லாரும் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு அடங்காமலே மறுபடி முதல் படி.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டார். கையில் இருப்பது நகல். சிடி எழுதும் பெட்டி என்ன சொல்லும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. இருந்தும் ஒளிக்கம்பியைச் செருகினார். முடியாது என்றது. கம்பியை உருவித் துடைத்துச் செருகினார். முடியாது. இயந்திரத்தை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டார். முடியாது.

சாப்பிட வந்த மனைவி கதவருகே நின்று பார்த்தார்.

"என்னவாம்?"

"நகலுக்கு நகல் கிடையாதாம்."

"பாடினது அக்கா, பதிஞ்சது நீங்க. இது யாரு நடுவுல?"

"அதுக்கு அதெல்லாம் தெரியாது."

"அப்ப அந்தச் செவப்பு வெள்ளை ஒயர் எதுக்கு இருக்கு?"

சிவப்பு வெள்ளை ஒயர் என்பது சாதாரணச் செம்புக் கம்பி. அதன் வழியே போகும் ஒலியில் முத்திரையும் போகாது, தடையும் கிடையாது. எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒளிக்கம்பியில் பளிச்சென்று இருக்கும் அந்த இரண்டு உடைசல் இயந்திரங்களுக்கும் செம்புக் கம்பியில் வயது தெரிந்துவிடும், 'உஸ்' வந்து சேர்ந்துகொள்ளும். இருபது வருடமாக அவர் அந்த ஒயரைத் தொட்டதில்லை. அதில் எடுப்பதை நகல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒயரின் முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்தார். மின்சாரத்தின் இரைச்சல் ஒயரில் புகுந்துவிடக் கூடாதென்று குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். மனைவி வேர்வையைத் துடைத்தபடி சாப்பிட்டார். எடுத்ததைப் போட்டுக் கேட்டார்கள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் மனைவி.

"உஸ்ஸுன்னு கேக்கல?"

"நீங்க சொன்னதும் கேக்குது."

அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேச்சு மட்டும் ஒயர் வழியே. பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து தன்னிடம் உள்ள சுத்தமான மூலம். இரண்டையும் ஒட்டினார். ஒட்டின இடத்தில் அக்காவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. இரைச்சல் சட்டென்று நின்று, கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிட்டது. உள்ளே அக்கா தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மகள் அந்த அறையில் இல்லை. அரை நொடி முன்னே, அரை நொடி பின்னே என்று நான்கு முறை ஒட்டிப் பார்த்தார். நான்கு முறையும் கதவு சாத்திக்கொண்டது.

கடைசியில், முதல் இருமலிலிருந்து கடைசிப் படி வரை முழுவதையும் ஒயர் வழியே ஒரே மூச்சில் எடுத்தார். ஒன்றையும் வெட்டவில்லை. லேபிளில் வழக்கமாக எழுதும் 'இரைச்சல் ஸீரோ'வை எழுதாமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் காவலாளியின் அறையில் மூவரும் கேட்டார்கள். 'பூனைம்மா, பூனை!' வந்ததும் அக்கா கையை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். முடியும்வரை எடுக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது தடவை முடிந்ததும், "பின்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே?" என்றார்.

ஸீரோ முத்திரை, ஒயர், பழைய இயந்திரம் என்று தொடங்க வாயைத் திறந்தார்.

"நம்ம தண்ணி மோட்டார்தானே? அன்னிக்கு ஓடிட்டிருந்துச்சு. அவளுக்கும் ஞாபகம் வரும்."

புதன்கிழமைகளில் பதிவு தொடங்கும் முன் அந்த மோட்டாரைத் தன் கையாலேயே நிறுத்துகிறவர் ஸீரோ. ஒரு நாளும் தவறியதில்லை. அது காவலாளிக்கும் தெரியும். அவர் ஸீரோவின் முகத்தையே பார்த்தார்.

"மோட்டார்தான்க்கா" என்றார் ஸீரோ.

பார்சல் போனது. மூன்றாவது வாரம் புதன்கிழமை அக்கா கொஞ்சம் தாமதமாகக் கீழ்த்தளத்துக்கு வந்தார். உட்காரும்போதே முகத்தில் சிரிப்பு.

"நேத்து போன் பண்ணினா. அது என் குரலே இல்லன்னு சொன்னா முதல்ல."

"அடப்பாவமே!" என்றார் காவலாளி.

"அப்புறம், குரல் என்னோடதுதான், ஆனா நான் எங்க பாடினேன், வரியைத்தானே சொன்னேன்னு சண்டைக்கு வந்தா. பின்ன நீ எப்படிச் சொன்னேன்னு கேட்டேன். இப்படித்தான்னு ஆரம்பிச்சா பாரு, கடைசிப் படி வரைக்கும் இறங்கிட்டா."

"ராகம்?" என்றார் காவலாளி. வயலின்காரர், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாலாம் படியிலயும் ஏழாம் படியிலயும் கொஞ்சம் சறுக்கினா."

ஸீரோ ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நீங்க திருத்திச் சொன்னீங்களாக்கா?"

"எதுக்கு?" என்றார் அக்கா, அந்தக் காற்றுக் குரலில். "திருத்தினா நிறுத்திடுவாளே."