எஃப் 1.8-இல் எங்கள் வீடு

இந்த ஊர்க்காரர்கள் ஆளில்லாத பெஞ்சைப் படம் எடுக்கிறார்கள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. பாவம், உட்கார ஓர் ஆள் கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். கொரட்டூரில் நாங்கள் எடுக்கும் படத்தில் பத்துப் பேர் நிற்பார்கள், பதினோராவது ஆள் ஓடி வந்துகொண்டிருப்பார். பிறகு நானும் ஒரு கேமரா வாங்கி மாலை வகுப்பில் சேர்ந்தேன். அறைத்தோழியை எடுத்த என் படத்தைப் பார்த்து ஆசிரியை தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முகத்துக்குப் பின்னால் துணிக்கொடியும் குக்கரும் காலண்டரும் எதற்கு என்று கேட்டார். லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை அகலமாகத் திறக்கச் சொன்னார். முகம் மட்டும் துல்லியமாக நிற்க, பின்னால் இருந்ததெல்லாம் கரைந்துபோனது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து எதைக் கண்டாலும் 1.8தான்.

அந்த வித்தையோடு விடுப்பில் ஊருக்குப் போனேன். அப்பா பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். போனஸ் வரும்போதெல்லாம் ஓர் அறை என்று அவர் எழுப்பிய வீட்டை, மழைக்கு மழை தண்ணீர் புகுந்ததால் இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தாகிவிட்டது. இடிக்கும் முன் வீட்டோடு தன்னை ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பி போனை எடுத்தான். "அத்த உள்ள வைடா, போன்ல எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று அவனை விரட்டியது நான்தான். வீடு பின்னால் வரும்படி அப்பாவைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தி, கிட்டே போய் எடுத்தேன். வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றபடி, "ஊடு முழுசா வருதா பாரும்மா" என்று மூன்று முறை கேட்டார்.

"வருதுப்பா, நீ சும்மா நில்லு."

நான் பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான்.

ஜெர்மனி திரும்பி, படத்தைத் திருத்தி அனுப்பியபோது வீட்டை இடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. அப்பா வாடகை வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"நான் நல்லா கீறேம்மா. ஊடு எங்க?"

"பின்னால இருக்குப்பா. கொஞ்சம் மங்கலா."

"பச்சையா ஒண்ணு கீதே, அது கதவா?"

"ஆமாப்பா."

"வேற எதுலனா தெளிவா கீதா?"

எதிலும் இல்லை. எடுத்த நாற்பது படமும் அப்படித்தான். அதைச் சொல்ல வாய் வராமல், தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

வகுப்பில் அந்தப் படத்துக்குத்தான் ஏகப் பாராட்டு. பின்னணி எவ்வளவு 'ரூயிக்', அதாவது எவ்வளவு அமைதி என்று வியந்த ஆசிரியை, தோட்டமா என்று கேட்டார். வீடு என்றேன். புரியாமல் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அழகு என்றார். நானும் 'டாங்கே' என்று நன்றி சொல்லி வைத்தேன்.

இப்போது எஃப் 11-க்குக் கீழே நான் இறங்குவதே இல்லை. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்; சிறுத்துவிட்டால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழுகிறது. இந்த ஊரில் யாரை எடுத்தாலும் அவருக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் கதவு எண்ணையும், அழைப்புமணியில் எழுதிய பெயரையும்கூடப் படிக்கலாம். எல்லாம் யார் யாருடைய வீடோ.

ஞாயிறுதோறும் அப்பா கேட்கிறார்.

"கெடச்சிதாம்மா?"

"தேடினே இருக்கேம்பா."