காற்றில் இருந்த தண்ணீர்

ரேடியேட்டர் கண்ணில் பட்டதுமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. சூரியநெல்லியில் ஒரு மார்கழிக் காலை. தேயிலை ஃபாக்டரிக்குப் பின்னால், உடைத்துப் போட்ட ஜீப்பின் ரேடியேட்டர் புல்லில் கிடந்தது. அதன்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டேன், விரல் விறைத்தது. உள்ளே என் கம்ப்யூட்டர் சூட்டில் தடுமாறிக்கொண்டிருக்க, வெளியே இவ்வளவு குளிர் சும்மா கிடக்கிறதே!

கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏதோ ஒரு மில் கழித்துப் போட்ட கணக்கு இயந்திரத்தின் அட்டைகளைக் கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கிவந்து, பி.எஸ்ஸி. முடித்து வேலையில்லாமல் இருந்த ஒன்றரை வருஷத்தில் நான் கோத்தது. நாலு இலக்க எண்களைக் கூட்டும், கழிக்கும். அதிலிருந்த பழைய டிரான்சிஸ்டர்களுக்குச் சூடு ஆகாது. முதல் கால் மணி நேரம் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அப்புறம் பதினாலு. சில நாள் பூஜ்யம்.

பகலில் கரண்ட் உள்ள இடம் ஃபாக்டரிதான். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, எஸ்டேட் மேனேஜரான தொரையிடம் கேட்காமலே தன் அறையில் இடம் கொடுத்திருந்தார். அந்த அறைக்கு ஒரு பக்கம் தேயிலை உலர்த்தும் அடுப்பு. மறுபக்கம், அரைத்த இலையைப் புளிக்கவைக்கும் ஈர அறை. சூடும் ஈரமும் சேர்ந்து அங்கே எப்போதும் சட்டை உடம்போடு ஒட்டும். கொழுந்து வாட்டும் காற்றாடிகளுக்கான சுவிட்சுப் பலகையும் அங்கேதான். அதற்கு நேர் மேலே ஒரு பலகையில் என் இயந்திரம். வேறு இடம் இல்லை.

ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினோம். ஒரு சின்ன மோட்டார் தண்ணீரைச் சுற்றவிட்டது. செப்புக் குழாயை வளைத்து, டிரான்சிஸ்டர்கள் உட்கார்ந்த தகட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அண்ணாச்சி சிரித்தார். “மனுசன் கம்பிளி இல்லாம கெடக்கான், ஒம் மிசினுக்குக் குளிரு கேக்குதாக்கும்” என்றார்.

மூன்று நாள் கணக்கு பிசகவே இல்லை. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று துள்ளிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் குளிர் அதிகம், கொழுந்து வரத்தும் அதிகம். பத்து மணிக்குச் சுவிட்சுப் பலகையில் படீரென்று ஒரு சத்தம், புகை. காற்றாடிகள் எல்லாம் நின்றன. மேல்மாடியில் தொட்டி தொட்டியாகக் கிடந்த கொழுந்து, வேறு வழி செய்வதற்குள் வெந்து சிவந்துவிட்டது.

அண்ணாச்சி என் இயந்திரத்தைக் கழற்றிச் சாக்கில் போட்டு என் கையில் திணித்தார். “வீட்டுக்குப் போலே. ஒங்கப்பன் சோலிக்கும் சேத்து வேட்டு வச்சிராத.” அப்பா அதே ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர். நான் போய்விட்டேன். அதைத்தான் நினைத்து நினைத்துக் குமைகிறேன்.

சுவிட்சுப் பலகையில் தண்ணீர் எப்படி வந்தது என்று தொரை கேட்டாராம். கூரை ஒழுகியது என்றாராம் அண்ணாச்சி. மழையே இல்லாத மாதத்தில் எந்தக் கூரை ஒழுகும்? குடித்துவிட்டு ஈரத் துணியால் பலகையைத் துடைத்திருப்பான் என்று முடிவு கட்டி, வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. தீர்ப்பு எதிராகப் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். நேற்று அந்த வழியாகப் போனேன். அவர் மனைவி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடுத்த கோணியை உதறி விரித்தார்.

குழாய் இணைப்புதான் ஒழுகியது என்று நம்பியிருந்தேன். வீட்டில் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு குறையவில்லை. பிறகு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, புளிக்கவைக்கும் அறைச் சுவரில் அந்த இரண்டு தெர்மாமீட்டர்களைப் பார்த்தேன். ஒன்று வெறும் குமிழ், மற்றது ஈரத் துணி சுற்றியது. மணிக்கொரு தடவை அப்பா இரண்டையும் சிலேட்டில் எழுதுவார். ஃபாரன்ஹீட்டில் எழுபது, அறுபத்தெட்டு. இரண்டும் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் குமிழ் காட்டுவதைவிடச் சில டிகிரி குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் பூக்கும். என் குழாயோ ஐம்பதுக்கும் கீழே. தண்ணீர் குழாயிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த சிலேட்டு. பரீட்சையில் இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

பரிகாரம் சின்னதுதான். இயந்திரத்திலிருந்து வெதுவெதுப்பாகத் திரும்பும் தண்ணீரில் பாதியை வெளியே அனுப்பாமல், ஒரு கிளைக்குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்துவிட வேண்டும். குழாயின் சூடு அந்த அளவுக்குக் கீழே இறங்காது, குழாய் வேர்க்காது. கிளைக்குழாயும் அதை மூடவும் திறக்கவும் ஒரு திருகுமாக இன்று பொருத்திவிட்டேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து, “ஒண்ணு பத்தாது. ரெண்டையும் கொண்டு போ” என்று உபரி தெர்மாமீட்டர்களை எடுத்து வைத்தார்.

விசாரணை ஆபீஸ் அறையில். அங்கே ஈரம் போதாது. அதனால் நாளைக் காலை தொரையின் பங்களாவுக்குப் போய், இயந்திரம் என்னுடையது என்று சொல்லி, விசாரணையை அண்ணாச்சியின் அறையில் வைக்கும்படி கேட்கப் போகிறேன். சம்மதித்தால், இந்த முறை சுவிட்சுப் பலகையை விட்டுத் தள்ளி, தரையில் வைத்துத்தான் ஓட்டுவேன். முதலில் திருகை மூடி, எல்லார் கண்ணெதிரிலும் குழாயை வேர்க்கவைக்க வேண்டும். பிறகு திறந்து, அதை உலரவைக்க வேண்டும். திங்கட்கிழமை குளிர் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.